தொட்டி வளைவு

மே 4, திங்கள்

இது என் சொந்தக் கையெழுத்து. யாரும் கை பிடித்து எழுத வைக்கவில்லை.

என் பெயர் சன்னாசி. வயது அறுபத்தொன்பது. முப்பத்தோரு வருடம் தேயிலை லாரியில் கிளீனராக இருந்தேன். டிரைவர் லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்பு கேட்டார்கள். எனக்கு ஒன்றாம் வகுப்பே கிடையாது. அதனால் ஸ்டியரிங்கைத் துடைத்ததோடு சரி. ஆறு மாதமாகச் சமுதாயக் கூடத்தில் மெர்சி டீச்சரிடம் எழுத்துப் படிக்கிறேன். அவர்தான் இந்த நோட்டைக் கொடுத்தார். "அன்னன்னைக்கு நடந்ததை எழுதுங்கய்யா. ஒரு வரி போதும்" என்றார்.

ஒரு வரிக்கு மேலே வந்துவிட்டது. விரல் வலிக்கிறது. ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது.

மே 5, செவ்வாய்

அங்கம்மாளுக்கு ஒரு நாளைக்குத் தண்ணீர் அரை லிட்டர். காலையில் பாட்டிலில் அளந்து வைத்தேன். மாலையில் பார்த்தால் இரண்டு மடக்கு மிச்சம். பாட்டிலை ஆட்டிக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

அங்கம்மாள் என் மனைவி. அவளுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. திங்களும் வியாழனும் டவுன் ஆஸ்பத்திரியில் மிஷினில் நான்கு மணி நேரம் படுக்க வேண்டும். ஒரு தடவை தப்பினால் மூச்சு வாங்கும். இரண்டு தடவை தப்பினால் என்ன ஆகும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். அதை எழுத மாட்டேன்.

மே 7, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். வழக்கம்போல் போஜன் ஓட்டினார். நான் கிளீனராக இருந்த லாரிக்கு அவர்தான் டிரைவர். கார் எங்களுடையது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்காக என் மகன் கதிரேசன் வாங்கியது. பழைய மாருதி. கதிரேசன் போய்ப் பதினைந்து மாதம் ஆகிறது. அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் போஜன் வந்து ஓட்டுகிறார். ஒரு டீகூட எங்களை வாங்கித் தர விடமாட்டார்.

திரும்பி வரும்போது போஜன் காரை ஓரமாக நிறுத்தினார்.

"சன்னாசி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. மாசக் கடைசியில மைசூருக்குப் போறேன். மக வீட்டோட. கண்ணுல புரை விழுந்திருச்சு. எதிர்ல வர்றது பஸ்ஸா மாடான்னு, ஹாரன் அடிச்சாத்தான் தெரியுது."

பின்சீட்டில் படுத்திருந்த அங்கம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். "இத்தனை நாளா அப்படித்தான் ஓட்டுனீங்களா?"

"சொன்னா நீங்க பயப்படுவீங்க, அதான் சொல்லல."

தவமணி சிரித்தாள். தவமணி என் மருமகள், கதிரேசன் மனைவி. சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "அப்ப அத்தைய யாரு கூட்டிட்டுப் போறது?"

எங்கள் மலைக் காலனியில் வேறு கார் கிடையாது. இந்த ஏற்றத்துக்கு ஆட்டோ வராது; டவுன் டாக்ஸிக்குப் பணம் கிடையாது. மினி பஸ் காலை ஏழு மணிக்கு டவுனிலிருந்து கீழே இறங்கி, எட்டரைக்குத்தான் திரும்ப மேலே போகிறது. அதன் படியில் அங்கம்மாளால் ஏறவும் முடியாது. ஆஸ்பத்திரியில் ஏழரைக்குப் படுக்கை. போகாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"நான் ஓட்டுறேன்" என்றாள் தவமணி.

அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில், அவள் அம்மா வீட்டில் இருந்தபோது, சமதரையில் எட்டுப் போட்டு வாங்கியது. மலையில் ஒரு நாளும் ஓட்டியதில்லை.

இதை எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. அங்கம்மாள், "கலெக்டர் ஆபீசுக்கா எழுதுற?" என்று கேட்டாள்.

மே 9, சனி

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சின்ன மேடு. அங்கே முதல் பாடம். போஜன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் வெளியே நின்றேன்.

ஓடுகிற வண்டியை ஓட்ட அவளுக்கு வருகிறது. மேட்டில் நின்றுவிட்டு எடுப்பதுதான் வரவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரை மிதிப்பதற்குள் வண்டி பின்னால் போய்விடுகிறது. பயந்து கிளட்சை விட்டால் குதித்து நின்றுவிடுகிறது.

"கால நம்பாத. கைப்பிரேக்க நம்பு" என்றார் போஜன். "கைப்பிரேக்க இழுத்துட்டியா, வண்டி எங்கயும் போகாது. இப்பக் கிளட்ச மெதுவா விடு. இன்னும் மெதுவா. சத்தம் மாறுதா? உறுமல் கீழ இறங்கும். வண்டி லேசா நடுங்கும். அங்கயே காலை நிறுத்திக்க. இப்ப ஆக்சிலேட்டர். அப்புறந்தான் கைப்பிரேக்க விடணும்."

கேட்கும்போது சுலபமாக இருக்கிறது.

மே 10, ஞாயிறு

போஜன் ஒரு பை உருளைக்கிழங்கு கொண்டுவந்தார். பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு விரல் தள்ளி ஒரு கிழங்கை வைத்தார். வண்டி பின்னால் வந்தால் கிழங்கு நசுங்கும். இன்று மட்டும் பதினோரு கிழங்கு நசுங்கின.

"மாமா, நாளைக்குக் கிழங்கு மசியல்தான்" என்றாள் தவமணி. அங்கம்மாளுக்கு உருளைக்கிழங்கு ஆகாது, டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார். அதனால் கிழங்கை எல்லாம் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டோம்.

மே 11, திங்கள்

ஆஸ்பத்திரி. போகும்போது தொட்டி வளைவில் நின்றோம்.

தொட்டி வளைவு எங்கள் காலனிக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று அங்கே உண்டு. ரோடு செங்குத்தாக ஏறித் திரும்பும். இரண்டு வண்டிக்கு இடமில்லை. ஏழு மணி மினி பஸ் இறங்கி வரும்போது நாங்கள் தொட்டிக்குக் கீழே ஒதுங்கி நிற்க வேண்டும். பஸ் போன பிறகு அந்த ஏற்றத்திலேயே வண்டியை எடுக்க வேண்டும். தவமணி கற்க வேண்டியது அந்த ஒரு இடத்துக்காகத்தான்.

கதிரேசன் இறந்ததும் அங்கேதான். போன வருடம் பிப்ரவரி. மஞ்சு இறங்கி ரோடே தெரியாத சாயங்காலம். மேலேயிருந்து பைக்கில் வந்தவன், நடுரோட்டில் கிடந்த கல்லில் ஏறி விழுந்தான். ஏற்றத்தில் நின்றுபோன ஏதோ வண்டிக்கு, பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்தில் முட்டுக் கொடுத்த கல். வண்டி போய்விட்டது. கல்லை எடுக்கவில்லை.

அந்த இடம் வரும்போதெல்லாம் தவமணி ஒன்று சொல்வாள். இன்றும் சொன்னாள். "வெச்ச கல்ல எடுக்காமப் போனவன் கை விளங்காமப் போகணும்."

போஜன் தலையை ஆட்டினார். அங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் வழியாகத் தேயிலையைப் பார்த்தேன். செடிகளை மட்டமாகக் கவாத்து வெட்டியிருக்கிறார்கள்.

மே 12, செவ்வாய்

காலையில் ரோட்டில் நடந்தேன். நான்கு கல் கிடந்தது. ஓரத்தில் எடுத்துப் போட்டேன்.

அங்கம்மாள் சொல்கிறாள்: "ரோட்டு வேலைக்காரங்க மாதிரி, பஞ்சாயத்துல உனக்கும் ஒரு காக்கிச் சட்டை தைச்சுக் குடுக்கச் சொல்லணும்."

மே 14, வியாழன்

ஆஸ்பத்திரி. உடம்பிலிருந்து இரண்டு கிலோ நீர் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அங்கம்மாள் நன்றாகத் தூங்கினாள்.

மே 16, சனி

தவமணியின் அண்ணன் துரைப்பாண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து வந்திருந்தார். மாம்பழம் கொண்டுவந்தார். அதுவும் அங்கம்மாளுக்கு ஆகாது.

சாப்பிட்ட பிறகு பேசினார். "மாமா, நான் சுத்தி வளைக்காமச் சொல்றேன். தங்கச்சிக்கு இருபத்தொன்பது வயசு. குழந்தையும் இல்லை. ஒரு இடம் வந்திருக்கு. நல்ல மனுசன், காரமடையில கடை வெச்சிருக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா."

நான் சொல்வதற்கு முன்பு சமையலறையிலிருந்து தவமணி வந்துவிட்டாள். "அண்ணே, அத்தைக்கு வண்டி ஓட்ட ஆள் யாரு? நீ வந்து திங்களும் வியாழனும் ஓட்டுறியா?"

"அதுக்குன்னு உன் வாழ்க்கைய…"

"மாமா என்னைய மருமகளாவா வெச்சிருக்காரு? என் வீட்டுக்காரரு போனப்புறம் எங்கப்பா இருந்தாக்கூட இப்படிப் பார்த்துக்கிட்டிருக்க மாட்டாரு. நீ மாம்பழத்தத் தின்னுட்டுக் கிளம்பு."

துரைப்பாண்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா மாமா" என்றார்.

நான் கொல்லைக்குப் போய் விறகு அடுக்கினேன். அடுக்கியதைக் கலைத்துத் திரும்ப அடுக்கினேன்.

மே 17, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

மே 20, புதன்

கைப்பிரேக் கம்பி தளர்ந்திருந்தது. மெக்கானிக்கிடம் கொடுத்து இறுக்கி வாங்கினோம். பிறகு பள்ளிக்கூட மேட்டில் எட்டுத் தடவை நிறுத்தி எடுத்தாள். ஒரே ஒரு கிழங்குதான் நசுங்கியது. போஜன் கை தட்டினார். நானும் தட்டினேன். பள்ளிக்கூடம் லீவு. இல்லாவிட்டால் பிள்ளைகளும் தட்டியிருப்பார்கள்.

இரவு உணவில் தவமணி எனக்கு ஒரு தோசை கூட வைத்தாள்.

மே 24, ஞாயிறு

இன்று தொட்டி வளைவில் பயிற்சி. எழுத நிறைய இருக்கிறது. பொறுமையாக எழுதுகிறேன்.

எங்கள் வாசலில் நின்றால் வளைவு நன்றாகத் தெரியும். அங்கம்மாளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனோம். தவமணி தொட்டிக்குக் கீழே நிறுத்தினாள். எடுத்தாள். வண்டி பின்னால் உருண்டது. போஜன் கைப்பிரேக்கை இழுத்தார். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பள்ளிக்கூட மேடு வேறு, இது வேறு. இடது பக்கம் கீழே பார்த்தால் தேயிலைச் சரிவு.

நான் டிக்கியில் கொண்டுவந்திருந்த என் பழைய கட்டையை எடுத்தேன். லாரியில் இருந்த கட்டை. கயிறு கட்டியிருக்கும். கிளீனர் வேலையில் முக்கால் பங்கு இதுதான். ஏற்றத்தில் லாரி நின்றால் குதித்து இறங்கிப் பின்சக்கரத்தில் கட்டையைச் சொருக வேண்டும். டிரைவர் எடுத்ததும் கயிற்றோடு கட்டையை இழுத்துக்கொண்டு ஓடி வந்து தொற்ற வேண்டும். ஏற்றத்தில் எடுத்த வண்டியைக் கிளீனருக்காக எந்த டிரைவரும் நிறுத்த மாட்டான். நிறுத்தினால் திரும்ப எடுக்க வேண்டுமே.

நான் கட்டை வைத்தபோது தவமணி ஒவ்வொரு தடவையும் அழகாக எடுத்தாள்.

"கட்டை வெச்சா நான் கண்ண மூடிட்டு ஓட்டுவேன்" என்றார் போஜன்.

"இப்ப மட்டும் எப்படி ஓட்டுறீங்களாம்?" என்றாள் தவமணி.

மூன்று பேரும் சிரித்தோம். அந்த இடத்தில் நின்று சிரித்தோம் என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

போஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ கட்டைய வெச்சுக்கிட்டு நிக்கிற வரைக்கும் அவ கத்துக்க மாட்டா, சன்னாசி."

மே 28, வியாழன்

போஜன் கடைசியாக ஓட்டினார். அங்கம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மைசூர்ல மாடு நெறைய இருக்கும், பாத்து" என்றாள்.

மே 31, ஞாயிறு

போஜனை மினி பஸ் ஏற்றிவிட்டேன். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயரைப் படித்துச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. "இனிமே நீ படி, நான் கேக்கறேன்" என்றார். நாற்பது வருடப் பழக்கத்தில் அவர் என்னைக் கட்டிப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

ஜூன் 1, திங்கள்

போஜன் இல்லாத முதல் நாள்.

தொட்டி வளைவில் பஸ் வந்தது. தவமணி ஒதுக்கி நிறுத்தினாள். நான் கட்டையோடு இறங்கிப் பின்னால் போனேன். பஸ் இறங்கிப் போனது. "எடும்மா" என்று சத்தம் கொடுத்தேன். எடுக்கவில்லை. திரும்பவும் சொன்னேன். இன்ஜின் அணைந்தது.

முன்னால் போய்ப் பார்த்தால் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுகிறாள்.

"என்னால முடியல மாமா. கண்ணாடில நீங்க தெரியுறீங்க. குனிஞ்சு நிக்குறீங்க. இதே எடத்துல உங்க மேல வண்டிய ஏத்திருவேனோன்னு காலு வரமாட்டேங்குது. எனக்குன்னு இங்க மிச்சம் நீங்க ரெண்டு பேருதான்."

பின்சீட்டிலிருந்து அங்கம்மாள் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஒரு ஜீப் வந்தது. அதை ஓட்டி வந்தவர் இறங்கி, எங்கள் காரை மேலே மெயின் ரோட்டில் விட்டுக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எட்டு மணி. நர்ஸ் திட்டினாலும் படுக்கையை வைத்திருந்தார். மூன்று மணி நேரம்தான் மிஷின் ஓடியது.

மிஷின் ஓடும்போது வராந்தாவில் தவமணி எனக்கு இட்லி வாங்கி வந்தாள். சட்னியைத் தனியாக ஊற்றி, "உங்களுக்குக் காரம் ஆகாதே" என்றாள். என்னால் சாப்பிட முடியவில்லை. பல் வலி என்று சொன்னேன்.

ஜூன் 2, செவ்வாய்

இத்தனை நாள் எழுதாததை இன்று எழுதுகிறேன். தெரிந்த எழுத்து எல்லாம் இதற்குப் போதும்.

கல்லை வைத்தவன் நான்.

அன்றைக்குக் கேரட் ஏற்ற வந்த வெளியூர்ப் பிக்கப்பில் மூட்டை தூக்கப் போனேன். தொட்டி வளைவில் வண்டி நின்றுவிட்டது. அவர்களிடம் கட்டை இல்லை. தொட்டிச் சுவரில் பெயர்ந்திருந்த கல்லை எடுத்துச் சக்கரத்தில் வைத்தேன். ஒரு பக்கம் சுண்ணாம்பு அடித்த கல். வண்டி கிளம்பியது. டிரைவர், "ஏறுய்யா, ஏறு" என்று கத்தினான். ஓடிப்போய்த் தொற்றினேன். அது முப்பத்தோரு வருடப் பழக்கம். ஆனால் கட்டையில் கயிறு இருக்கும், கூடவே வரும். கல்லில் கயிறு இல்லை. திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூட்டையை மேலே இறக்கிவிட்டு, அந்தக் கல்லை எடுக்க வேண்டும் என்ற ஞாபகத்தோடுதான் நடந்து இறங்கினேன். தொட்டி வளைவில் கூட்டமாக இருந்தது. கல்லை யாரோ ஓரத்தில் உருட்டிவிட்டிருந்தார்கள். சுண்ணாம்புப் பக்கம் மேலே இருந்தது.

இன்று மத்தியானம் தவமணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அங்கம்மாளிடம் சொன்னேன். பதினைந்து மாதம் கழித்துச் சொன்னேன்.

அவள் அழவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அன்னைக்கு உன் சட்டைய நான்தானே தொவைச்சேன். நெஞ்சு பூரா சுண்ணாம்பு. மறுநாள் தொட்டிகிட்ட கெடந்த கல்ல எல்லாரும் காட்டுனாங்க."

"ஏன் கேக்கல?"

"கேட்டு என்ன பண்ண? பையன் போயிட்டான். உன்னையும் போக்கிக்கவா?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "அவகிட்ட சொல்லிரு."

"சொன்னா அவ போயிருவா. உன்ன யாரு கூட்டிட்டுப் போறது?"

"போனா போறா. அவ யாருன்னு தெரியாம ஒருத்தனச் சபிச்சுக்கிட்டே நம்மளக் கூட்டிட்டுப் போறா. ஒவ்வொரு தடவையும் நான் கண்ண மூடிக்கிறேன். இன்னும் எத்தனை நாளைக்கு மூடிக்கிறது? அவ அண்ணன் நல்ல எடம் கொண்டாந்திருக்கான். நமக்காக வேணாங்கிறா. யாருக்காகன்னு தெரிஞ்சு வேணாம்னு சொல்லட்டும்."

பாட்டிலில் மூன்று மடக்கு மிச்சம் இருந்தது. அவளுக்குக் கொடுத்தேன்.

ஜூன் 3, புதன்

காலையில் சொன்னேன். தவமணி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். நேற்று எழுதியிருந்ததால் வரிசையாகச் சொல்ல முடிந்தது.

முறம் நின்றது. அவள் நிமிரவில்லை.

"கல்லு எங்க இருந்து எடுத்தீங்க?"

"தொட்டிச் சுவத்துல இருந்து."

"வண்டி கெளம்பினதுக்கப்புறம் எவ்வளவு தூரம் ஓடி ஏறுனீங்க?"

"ஒரு பத்தடி."

"பத்தடி" என்றாள்.

பிறகு அரிசியைப் புடைத்து முடித்தாள். கல் பொறுக்கினாள். உலை வைத்தாள். மூன்று பேருக்கும் ஆக்கி இறக்கி வைத்தாள். அவள் மட்டும் சாப்பிடவில்லை. அங்கம்மாளுக்கு உப்பில்லாத ரசத்தைத் தனியாக மூடி வைத்தாள். மாத்திரையைக் கையில் கொடுத்தாள். இரண்டு மணிக்கு ஒரு பையோடு மினி பஸ் ஏறிப் போனாள்.

ஜூன் 4, வியாழன்

பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேர் அங்கம்மாளை நாற்காலியோடு தூக்கி எட்டரை பஸ்ஸில் ஏற்றினார்கள். போய்ச் சேரும்போது ஒன்பதரை. மிஷின் எல்லாவற்றிலும் ஆள் இருந்தார்கள். மாலை வரை உட்கார்ந்திருந்தோம். எதுவும் காலியாகவில்லை. திங்கட்கிழமை நேரத்துக்கு வரச் சொன்னார்கள்.

ஜூன் 5, வெள்ளி

கால் வீங்கியிருக்கிறது. தண்ணீர் கால் லிட்டராகக் குறைத்தேன். எச்சில் விழுங்கிக்கொண்டு பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 6, சனி

படுத்தால் மூச்சு முட்டுகிறது. உட்கார்ந்தே இருக்கிறாள். நான் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். அவளுக்கு அது சௌகரியமாக இருக்கிறது. மெர்சி டீச்சர் ஆள் விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இன்னும் யாரும் கிடைக்கவில்லை.

"சொல்லச் சொன்னது தப்பாப் போச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை.

ஜூன் 7, ஞாயிறு

மாலை பஸ்ஸில் தவமணி வந்தாள். என்னைத் தாண்டி உள்ளே போனாள். அங்கம்மாளின் காலை அமுக்கிப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாசலில் இருந்தேன். அவள் அங்கம்மாளிடம் பேசியது எனக்குக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் பேசினாள் என்று நினைக்கிறேன்.

"அத்தை, நீங்க இருக்கிற வரைக்கும் நான் வண்டி ஓட்டுவேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுல யாரும் என்னைய எதுவும் கேக்கக் கூடாது."

அங்கம்மாள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

எனக்குச் சோறு போட்டு வைத்திருந்தாள். மாமா என்று கூப்பிடவில்லை. தட்டு வைக்கும் சத்தம் கேட்டு நானே போய் உட்கார்ந்தேன்.

ஜூன் 8, திங்கள்

காலை ஆறு ஐம்பது. அங்கம்மாளைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தேன். கனமாக இருந்தாள். அவ்வளவும் தண்ணீர். பிறகு பின்கதவைத் திறக்கப் போனேன்.

"நீங்க வேணாம்" என்றாள் தவமணி. ஸ்டியரிங்கைப் பார்த்துத்தான் சொன்னாள். "அத்தைய எறக்கறதுக்கு அங்க வார்டு ஆளுங்க இருக்காங்க."

"வளைவுல பஸ் வருமேம்மா."

"வந்தா நிப்பேன்."

அங்கம்மாள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் விரலைத் தொட்டாள். கார் கிளம்பியது.

வாசலில் நின்று பார்த்தேன். மஞ்சு இல்லை, எல்லாம் நன்றாகத் தெரிந்தது. கார் முதல் ஏற்றம் ஏறியது. மேலேயிருந்து மினி பஸ் ஹாரன் கேட்டது. கார் தொட்டிக்குக் கீழே ஒதுங்கி நின்றது. பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்தன. பஸ் மெதுவாக, உரசுகிற மாதிரி, காரைத் தாண்டி இறங்கியது.

என் கால் தானாக ரோட்டில் இறங்கி நான்கைந்து எட்டு வைத்துவிட்டது. அங்கே போய்ச் சேர எனக்குக் கால் மணி நேரம் ஆகும். நின்றேன்.

சிவப்பு விளக்கு அணைந்தது. காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டாள். கார் நகரவில்லை. கைப்பிரேக்கில் நிற்கிறது. சத்தத்தைக் கேட்டேன். முதலில் ஒரே சீராக இருந்தது. பிறகு உறுமல் கீழே இறங்கியது. அந்தச் சத்தத்தில்தான் என் வயது பூராவும் போயிருக்கிறது. இறங்கிய இடத்தில் அப்படியே நின்றது. அவசரப்படவில்லை. இன்னும் கொஞ்சம் உறுமியது.

கார் மேலே ஏறியது. ஒரு விரற்கடைகூடப் பின்னால் வரவில்லை. குதிக்கவில்லை. தொட்டியைச் சுற்றித் திரும்பி மறைந்தது. மெயின் ரோட்டில் சேரும் வரைக்கும் சத்தம் கேட்டது.

எவ்வளவு அழகாக எடுத்தாள். உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை. உள்ளே வந்து நோட்டை எடுத்தேன்.